அளவு நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தையல் இயந்திரத்தின் கதையைச் சொன்ன கட்டுரையை ஆசையாகப் படித்தேன். எலியாஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் காப்புரிமை வாங்கியது வரை எல்லாம் சரி. ஆனால் அந்த இயந்திரத்தை வைத்துச் சின்ன ஊர்களில் கடை நடத்திய பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முப்பது வருடமாகத் தைப்பவள் நான். எழுதாமல் இருக்க மனம் கேட்கவில்லை.

இயந்திரம் வருமுன்பே அவர்கள் தொழிலில் இருந்தார்கள். ஆனாலும் பாரிஸில் பெண்களின் உடையைத் தைக்கும் உரிமையையும் ஆண் தையல்காரர்களின் சங்கமே வைத்திருந்தது. 1675-இல்தான் பதினான்காம் லூயி மன்னர் பெண்களுக்குத் தனிச் சங்கம் அனுமதித்தார். இங்கிலாந்தில் 1870 வரை, கல்யாணமானவள் தைத்துச் சம்பாதித்த காசு சட்டப்படி கணவனுக்குத்தான் சேரும். கண் வலிக்கத் தைத்தவள் அவள்!

1856-இல் சிங்கர் நிறுவனம் தவணைக்கு இயந்திரம் கொடுக்கத் தொடங்கியது. கையில் முதல் இல்லாத பெண்ணும் வீட்டு முன்னறையில் கடை போட முடிந்தது. அப்புறம் அமெரிக்காவின் எல்லன் டெமரெஸ்ட், எபனேசர் பட்டரிக் போன்றவர்களின் காகித வெட்டு மாதிரிகள், அதாவது துணியின் மேல் வைத்து வெட்டுவதற்கான காகித அச்சுகள், வந்தன. நகரத்து மோஸ்தர் தபாலிலேயே சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. அதே மாதிரியை வாங்கி வாடிக்கையாளர்களும் வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தார்கள் என்பது இன்னொரு பக்கம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அக்காவின் அளவு நோட்டு என்னிடம் இருக்கிறது. ஒரு பெயருக்குக் கீழே தோள், மார்பு, இடுப்பு. சில பக்கம் தள்ளி அதே பெயர், இடுப்பில் நான்கு அங்குலம் கூட. ஓரத்தில், 'பிறகு பிடிக்கணும், துணியை வெட்ட வேண்டாம்' என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். அந்தப் பெண் கர்ப்பமாக இருந்திருக்கிறாள். யார் கடன் வைத்தார்கள், யாருக்குக் கூலி வாங்காமல் தைத்தார், காஜா எடுக்க எந்தப் பெண் புதிதாகச் சேர்ந்தாள், எல்லாமே அதில் இருக்கிறது. ஊரில் வேறு எந்த ஏட்டிலும் இவர்கள் பெயர் இருக்காது.

கடையை மூடும்போது இந்த நோட்டுகளைத்தான் முதலில் எடைக்குப் போடுகிறார்கள். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பக்கத்து நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நீங்களும் இதழில் ஒரு பக்கம் ஒதுக்கினால், என் அக்காவின் நோட்டிலிருந்தே தொடங்கலாம். பெயர்களை மறைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு வாசகி