சின்ன லேப்டாப் என்றால் மட்டமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிள் மலிவாகச் சின்ன லேப்டாப் செய்தால் பெயர் கெடுமா என்ற பேச்சு புதிதல்ல. 2007-இல் ஆசஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையோடு 'ஈ பிசி' என்ற மலிவு லேப்டாப்பைக் கொண்டுவந்த காலத்துக் கேள்வி அது. 500 டாலருக்குக் குப்பையாக இல்லாத கணினி செய்யத் தெரியாது என்று 2008-இல் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் கைவிரித்தார். 2010-இல் ஆப்பிளின் 11 அங்குல லேப்டாப், மேக்புக் ஏர் வந்தது. எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், விலை 999 டாலர்! சின்னது வந்தது, மலிவு வரவில்லை.

என் மகள் 29சி பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். பையில் இரண்டு கிலோ லேப்டாப், செங்கல் மாதிரி சார்ஜர் வேறு. வாங்கி இரண்டே வருடம், கீல் விட்டுவிட்டது. ரிச்சி தெருவில் ஒரு பையன் கழற்றிக் காட்டினான்; திருகு பிடித்திருந்த பிளாஸ்டிக் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. "ஒட்டித் தரேன் சார், ஆறு மாசம் தாங்கும்" என்றான். ஜாப்ஸ் சொன்ன குப்பை இதுதான் போலிருக்கிறது.

ஆனால் 2020-இல் ஆப்பிளின் சொந்த எம்1 சிப் வந்த பிறகு, செய்யத் தெரியாது என்ற அந்தச் சாக்கு செல்லாது. அது அதிகம் சூடாவதில்லை; மின்விசிறி இல்லாமலே மேக்புக் ஏர் ஓடுகிறது. மலிவு லேப்டாப்பில் திரை சிறுக்கட்டும், கீபோர்டில் விளக்கு வேண்டாம். கீலிலும் மெமரியிலும் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெமரியைப் பிறகு கூட்டவும் வழியில்லை. டாலரில் ஒரு விலை சொல்லிவிட்டு இங்கே வேறு விலை போடாமல் இருந்தால், கடை வாசலில் முதல் ஆளாக நிற்பேன்.

– ஒரு தகப்பன், பெசன்ட் நகர், சென்னை