ஆண்டறிக்கை 2024–25: வளர்ப்புக் குடும்பங்களைத் தேடிய பணி

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம், கொளத்தூர் பகுதிகளில் இயங்கிவரும் நம் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஆற்றிய பணிகளைச் செயற்குழுவின் சார்பில் இந்த அவையின் முன் வைக்கிறேன். பெற்றோரால் வளர்க்க இயலாத நிலையில் குழந்தைகள் இல்லங்களில் தங்கியிருக்கும் பிள்ளைகளைத் தம் வீட்டில் வைத்துப் பராமரிக்க முன்வரும் குடும்பங்களைக் கண்டறிவதும், அப்படி முன்வந்தவர்களுக்குத் துணை நிற்பதும், அவர்களைப் பெருமைப்படுத்துவதுமே இவ்வாண்டு நம் முழுக் கவனத்தையும் பெற்றன. இரண்டு குடும்பங்கள் புதிதாகக் குழந்தைகளை ஏற்றுக்கொண்டன. முன்னரே ஒரு குடும்பத்தில் இருந்த சிறுமி தன் தாயிடம் திரும்பினாள். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது சிறிதாகத் தோன்றலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால் நடந்த உழைப்பை அருகிலிருந்து பார்த்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதிய உறுப்பினர்கள் பலர் வந்திருப்பதால், நம் சங்கத்தின் எல்லையை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். எந்தக் குழந்தையையும் எந்த வீட்டிலும் ஒப்படைக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 44ஆம் பிரிவு அந்த அதிகாரத்தை, மாவட்டந்தோறும் அரசு அமைக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு மட்டுமே அளிக்கிறது. விண்ணப்பித்த குடும்பத்தின் வீட்டுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளர்கள் நேரில் வந்து இல்ல ஆய்வு செய்வார்கள். காவல்துறைச் சரிபார்ப்பும் மருத்துவச் சான்றும் உண்டு. அதன் பிறகுதான் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் பொருத்தம் பார்த்து நலக் குழு ஆணை பிறப்பிக்கும். ஆணைக்குப் பிறகும் மாதந்தோறும் அந்த வீட்டைப் பார்வையிட்டுக் குழந்தையின் நலனை உறுதிசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தப் பார்வையிடலைத் தம் மீதான சந்தேகமாக எடுத்துக்கொண்டு சில குடும்பங்கள் தொடக்கத்தில் முகம் சுளித்ததுண்டு. கேட்பதற்கு ஆள் இல்லாத குழந்தைக்காகக் கேட்க ஒருவர் வருகிறார் என்று எடுத்துச் சொன்னபோது அவர்களே புரிந்துகொண்டார்கள்.

குடும்பங்களைத் தேடும் பணியில் இவ்வாண்டு ஒன்று உறுதியாகத் தெரிந்தது. துண்டறிக்கைகளை அச்சிட்டு ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) குடியிருப்பிலும் பெரம்பூர் கடைத்தெருவிலும் கொடுத்தோம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் நிர்வாகிகளைச் சந்தித்து, மக்கள் கூடும் நாட்களில் சில நிமிடங்கள் பேச அனுமதி பெற்றோம். இவற்றால் விசாரணைகள் வந்தனவே தவிர, இறுதிவரை நின்ற இரு குடும்பங்களும் ஏற்கெனவே குழந்தையை வளர்த்துவரும் ஒரு வீட்டைப் பார்த்துத்தான் வந்தார்கள். பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்தும்போது கேட்ட பேச்சு, அச்சிட்ட தாள் செய்யாததைச் செய்திருக்கிறது. ஆகவே அடுத்த ஆண்டு அச்சுச் செலவைக் குறைத்து, வளர்ப்புப் பெற்றோரே தம் தெருவில் நான்கு குடும்பங்களை அழைத்துப் பேசும் சிறு சந்திப்புகளுக்கு அந்தப் பணத்தை ஒதுக்க வேண்டும் என்று செயற்குழு கருதுகிறது.

விசாரிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் தத்தெடுப்பையும் வளர்ப்புப் பராமரிப்பையும் ஒன்றாகவே நினைத்திருந்தார்கள். குழந்தை வரம் வேண்டிப் பல ஆண்டுகள் காத்திருந்த தம்பதியர், தத்துக்கான காத்திருப்பு நீளமாக இருப்பதால் இது விரைவான வழி என்று எண்ணி வந்தார்கள். அவர்களின் ஏக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆயினும் தத்தெடுத்த குழந்தை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் பிள்ளையாகிவிடுகிறது என்பதையும், வளர்ப்புப் பராமரிப்பில் வரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு தாயோ தந்தையோ உறவினரோ எங்கோ இருக்கிறார்கள் என்பதையும், பெற்றவர்கள் வந்து பார்க்க அனுமதிக்கப்படலாம் என்பதையும், நிலைமை சீரானால் பிள்ளை அவர்களிடமே திரும்பும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டுப் பலர் எழுந்து போனார்கள். அவர்கள் போனதில் நமக்கு வருத்தம் இல்லை. திரும்பிப் போகக்கூடிய பிள்ளை என்று தெரிந்தே முழு மனத்தோடு வளர்க்கக் கூடியவர்கள்தான் இந்தப் பணிக்கு வேண்டும்.

இன்னொரு கேள்வியும் திரும்பத் திரும்ப வந்தது. "குழந்தை எந்தச் சாதி?" என்று கேட்டவர்களிடம், அந்த விவரத்தை நாங்கள் அறியவும் மாட்டோம், சொல்லவும் மாட்டோம் என்று பதில் அளித்தோம். அந்தக் கேள்வியைக் கைவிட இயலாத குடும்பங்களை மேற்கொண்டு பரிந்துரைப்பதில்லை என்ற செயற்குழுவின் முடிவைப் பொதுக்குழு உறுதிசெய்ய வேண்டுகிறேன். வாடகை வீட்டில் இருப்போருக்கு வேறு வகைச் சிக்கல்: வீட்டு உரிமையாளர் "யார் இந்தப் பிள்ளை?" என்று கேட்பார். இரண்டு இடங்களில் நம் தலைவரும் நானும் நேரில் சென்று பேசினோம். ஓர் உரிமையாளர் இணங்கியதோடு நில்லாமல் சங்கத்தில் உறுப்பினராகவும் சேர்ந்தார்.

2024ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு வெளியிட்ட திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள் நம் பணிக்கு ஒரு கதவைத் திறந்திருக்கின்றன. முன்பு திருமணமான தம்பதியர் மட்டுமே ஏற்கப்பட்ட நிலை மாறி, 35 முதல் 60 வயதுக்குட்பட்ட தனிநபர்களும், அதாவது திருமணம் செய்துகொள்ளாதவர், துணையை இழந்தவர், மணவிலக்குப் பெற்றவர், சட்டப்படி பிரிந்து வாழ்பவர் ஆகியோரும், ஆறு வயதைக் கடந்த குழந்தைகளை வளர்க்க விண்ணப்பிக்கலாம். தனித்து வாழும் பெண் ஆண் குழந்தையையோ பெண் குழந்தையையோ ஏற்கலாம். தனித்து வாழும் ஆணுக்கு ஆண் குழந்தை மட்டுமே. தம்பதியராயின் இரண்டு ஆண்டுகளாவது நிலையான மணவாழ்க்கை இருந்திருக்க வேண்டும். வளர்த்தவரே பின்னர் தத்தெடுக்க விரும்பினால், முன்பிருந்த ஐந்தாண்டுக் காலம் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டுள்ளது. நம் பகுதியில் தனியாக வாழும் செவிலியர்களும் ஆசிரியைகளும் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இச்செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. வயது வரம்பைக் கடந்துவிட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மிகுந்த ஆவலோடு வந்து ஏமாற்றத்துடன் திரும்ப இருந்தார். அவரை வளர்ப்புக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மாலைநேரப் பாடம் சொல்லித்தரக் கேட்டுக்கொண்டோம், இன்றுவரை செய்துவருகிறார்.

குழந்தை வீட்டுக்கு வந்த முதல் வாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குடும்பங்கள் தளர்வது அப்போதுதான். பல ஆண்டுகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு மணி அடித்தால் எழுவதும் வரிசையில் நின்று சாப்பிடுவதும்தான் பழக்கம். கொளத்தூர் வீட்டுக்கு வந்த சிறுவன் தண்ணீர் குடிக்கவும் அனுமதி கேட்டான். இரவில் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைத்தான். அந்த வீட்டு அம்மா அதைத் திருட்டு என்று கொள்ளாமல், ஒரு சிறு டப்பாவில் முறுக்கும் பிஸ்கட்டும் நிரப்பி அவன் படுக்கைக்கு அருகிலேயே வைத்தார். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், தீர்ந்தால் நிரப்பப்படும் என்றார். சில வாரங்களில் ஒளித்து வைப்பது நின்றது. நாம் நடத்தும் ஆயத்த வகுப்பில் எந்த வல்லுநரின் உரையையும் விட இந்த அனுபவமே அதிகம் உதவியது. அந்தக் குடும்பம் முதலில் ஒரு குழந்தையை ஏற்கவே ஒப்புக்கொண்டிருந்தது. உடன்பிறந்தோரைக் கூடியவரை ஒரே குடும்பத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று சட்டம் வலியுறுத்துவதை அறிந்து, சிறுவனுக்குத் தங்கை ஒருத்தி இருப்பதும் தெரிந்த பிறகு, இருவரையும் ஏற்றது. அவர்களின் பெருந்தன்மையை இந்த அவை குறிப்பேட்டில் பதிவுசெய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

பள்ளிச் சேர்க்கையில் ஓரிடத்தில் மாற்றுச் சான்றிதழ் இல்லை என்று தயங்கினார்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் கூறுவதை எழுத்தில் கொடுத்தபின் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின்கீழ் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. அந்தத் தொகை வரத் தொடங்கும்வரை கட்டில், சீருடை, பள்ளிக் கட்டணம் ஆகிய தொடக்கச் செலவுகளுக்குக் குடும்பங்கள் திண்டாடாமல் இருக்க, உறுப்பினர் நன்கொடையில் ஒரு கைமாற்று நிதி தொடங்கியிருக்கிறோம்.

அயனாவரத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியரின் வீட்டில் வளர்ந்த சிறுமி இவ்வாண்டு தாயிடம் திரும்பினாள். தாய் நீண்ட நாள் நோயுற்றிருந்தவர். சிகிச்சை முடிந்து, வேலையில் சேர்ந்து, தங்க ஓர் அறையும் பார்த்துக்கொண்ட பின் நலக் குழு அவளை அவரிடம் ஒப்படைத்தது. அந்த வீட்டில் சிறுமி வளர்த்தவரைப் பெரியம்மா என்றே அழைத்துவந்தாள். தாயைப் பற்றிய பேச்சுக்கு அங்கே ஒருநாளும் தடை இருந்ததில்லை. மாதமொருமுறை தாய் வந்தபோதெல்லாம் சாப்பாடு போட்டு அனுப்பிய அந்த அம்மையார், பிள்ளை போன பிறகு பல நாட்கள் வெளியே வரவில்லை. உறவினர்கள், "அடுத்தவர் பிள்ளையை வளர்த்தால் இப்படித்தான்" என்றார்கள். நம் உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்று உடனிருந்தார்கள். குழந்தை தன் தாயிடம் நலமாகத் திரும்பியது இந்தப் பணியின் ஆகச் சிறந்த வெற்றி. அந்த வெற்றியின் வலியை வளர்த்தவர் மட்டுமே சுமக்கிறார். அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் வளர்ப்புப் பெற்றோரின் மாதாந்திரச் சந்திப்பைத் தொடங்கினோம். அவ்வம்மையார் இப்போது அந்தச் சந்திப்பை நடத்துகிறார்.

பாராட்டு விழா 2024 நவம்பர் 30 அன்று நடைபெற இருந்தது. ஃபெஞ்சல் புயலால் சென்னை முழுவதும் மழைநீர் சூழ்ந்த நாள் அது. விழாவைத் தள்ளிவைத்துப் பொங்கலுக்குப் பின் சமுதாயக் கூடத்தில் நடத்தினோம். விழாவின் அமைப்பைப் பற்றிச் செயற்குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. குழந்தைகளை மேடையேற்றி வளர்ப்புப் பெற்றோருடன் படம் எடுத்தால் பலர் மனம் நெகிழ்வார்கள், புதியவர்கள் முன்வருவார்கள் என்ற கருத்து எழுந்தது. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், தன் கதையை ஊரார் முன் காட்டித்தான் தனக்கு ஒரு வீடு கிடைத்தது என்று எந்தப் பிள்ளையும் உணரக் கூடாது. எனவே தெருவின் எல்லாப் பிள்ளைகளையும் அழைத்தோம்; எந்தப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்ற அறிவிப்பு இல்லை; கைப்பேசியில் படம் எடுப்பதைத் தவிர்க்கக் கேட்டுக்கொண்டோம். பிள்ளைகள் கோலப் போட்டியிலும் பம்பர விளையாட்டிலும் ஈடுபட்டிருந்தபோது, உள்ளே தனிக் கூடத்தில் வளர்ப்புப் பெற்றோருக்குப் பொன்னாடை அணிவித்து, ஒவ்வொருவரையும் பற்றி அவர்களின் அண்டை வீட்டாரே சில சொற்கள் பேசினார்கள். பிறகு அனைவரும் ஒரே பந்தியில் உண்டோம். விழாவுக்கு வந்திருந்த மூன்று குடும்பங்கள் அதன்பின் ஆயத்த வகுப்பில் சேர்ந்துள்ளன.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

வரும் ஆண்டில் பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கும் குடும்பங்களைத் தேடுவதில் முனைப்புக் காட்ட வேண்டும். சிறு குழந்தை வேண்டும் என்று கேட்டு வருபவர்களே அதிகம். பதினான்கு வயதுப் பையனுக்கு இடம் தர யாரும் எளிதில் முன்வருவதில்லை, அவனுக்கோ பதினெட்டு வயது நிறைய இன்னும் நான்கே ஆண்டுகள் உள்ளன. உறுப்பினர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தையாவது ஜூலையில் தொடங்கும் ஆயத்த வகுப்புக்கு அழைத்து வரவும், கைமாற்று நிதிக்குத் தம்மால் இயன்றதை அளிக்கவும் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்