வேலை போன நேரத்துல என்கூட நின்னவங்களுக்கு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வர வேண்டிய அன்எம்ப்ளாய்மென்ட் பணம், அதான் வேலை போனவங்களுக்கு ஸ்டேட் கவர்மென்ட் குடுக்கற இன்ஷூரன்ஸ் பணம், இழுத்தடிச்ச வாரங்களுக்கும் சேத்து மொத்தமா பேங்க்ல விழுந்துடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் போன்ல நன்றி சொல்லிட்டேன், ஆனா யார் யார் என்ன செஞ்சாங்கன்னு மத்தவங்களுக்கும் தெரியணும்னு மனசு கேக்குது. பேரு மட்டும் போடல, அவங்களே வேண்டாம்னுட்டாங்க.

நான் அமெரிக்கால நியூ ஜெர்சில எடிசன் பக்கம் ஒரு வேர்ஹவுஸ்ல பேக்கிங் வேலை பாத்துட்டு இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் மேனேஜர் கிட்ட இருந்து மெசேஜ், ஆர்டர் கம்மியா இருக்கு, திங்கக்கிழமை வர வேண்டாம், வேலை வந்தா கூப்பிடறோம்னு. கூப்பிடவே இல்ல.

முதல் நன்றி மாடி வீட்டு அக்காவுக்கு. கவர்மென்ட் பணத்தை வாங்கினா பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கு ஆபத்துன்னு யாரோ சொன்னதுல நானும் வீட்டுக்காரரும் பயந்து போய் அப்ளை பண்ணவே வேண்டாம்னு இருந்தோம், அதோட ஊர்ல தெரிஞ்சா நாலு பேர் என்ன பேசுவாங்களோங்கற கூச்சம் வேற. அக்கா என் பழைய பே ஸ்டப்ப, அதான் சம்பளச் சீட்ட கொண்டு வரச் சொல்லி, அதுல யூஐன்னு, அதாவது அன்எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ்னு போட்டு பிடிச்சிருக்கற காச விரல் வச்சு காட்டினாங்க. நிறைய ஸ்டேட்ல இந்த இன்ஷூரன்ஸுக்கு கம்பெனி மட்டும்தான் கட்டுமாம், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்கா இந்த மூணுல வேலை செய்யறவங்க சம்பளத்துல இருந்தும் பிடிக்கறாங்க. "இது தர்மம் இல்லடி, மாசாமாசம் நீ கட்டின பிரீமியம், உழைச்சு வாங்கற உரிமைங்கறதால, கவர்மென்ட் உதவிய நம்பி வாழறவங்கன்னு இமிக்ரேஷன்ல பாக்கற பப்ளிக் சார்ஜ் கணக்குலயும் வராது"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு பேச்சுலதான் எனக்கு தைரியமே வந்துச்சு.

அடுத்து எங்க அபார்ட்மென்ட்ல இருந்த தம்பி. இவனப் பத்தி எவ்வளவு எழுதினாலும் போதாது. ஆன்லைன்ல கிளெய்ம் போட்டது, ஐடி.மீங்கற அடையாளம் சரிபாக்கற வெப்சைட்ல கிரீன் கார்டையும் என் முகத்தையும் போட்டோ எடுத்து வெரிஃபை பண்ணது, இன்னும் வேலை கிடைக்கலன்னு வாராவாரம் உறுதி சொல்லி சர்டிஃபை பண்றப்ப வர்ற கேள்விங்கள ஒண்ணொண்ணா தமிழ்ல சொல்லி புரிய வச்சது எல்லாம் அவன்தான். வாரத்துக்கு 3 இடத்துலயாவது வேலை கேட்டிருக்கணும், அதை தேதியோட எழுதி வைங்கக்கான்னு ஒரு நோட்டே வாங்கிக் குடுத்தான். சராசரி வார சம்பளத்துல 60 சதவீதம், ஒரு உச்சவரம்பு வரைக்கும், அதிகபட்சம் 26 வாரம்னு கணக்கு போட்டுக் காட்டி இத வச்சு வாடகைய சமாளிச்சிடலாம்னு என் வீட்டுக்காரருக்கும் நம்பிக்கை குடுத்தான். இத்தனையும் செய்யறப்ப அவனுக்கும் லேஆஃப் ஆகியிருந்துச்சு, எனக்கு ரொம்ப லேட்டாதான் தெரியும். ஹெச்1பிங்கற, கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசால இருக்கற புள்ள, அவன் சம்பளத்துலயும் அதே யூஐ பிடிச்சிருக்காங்க, ஆனா வேலை போனா வேற கம்பெனி ஸ்பான்சர் பண்ணாம வேலை செய்ய முடியாதுங்கறதால பொதுவா அவங்களுக்கு இந்தப் பணம் கிடைக்கறதில்ல, அதிகபட்சம் 60 நாள் கிரேஸ் பீரியட், அதுக்குள்ள வேற வேலை தேடணும் இல்லன்னா மூட்டை கட்டணும். ஒரே பிடித்தம், ஒரே லேஆஃப், எனக்குக் கிடைக்குது அவனுக்குக் கிடைக்கல, இது எந்த ஊர் நியாயம்னு இன்னும் மனசு ஆறல. தனக்கு வராத காச எனக்கு வாங்கிக் குடுக்க ராத்திரி உக்காந்து ஃபார்ம் ஃபில் பண்ணான் அந்தப் புள்ள. இப்ப டெக்சஸ்ல வேலை கிடைச்சுப் போயிட்டான். தம்பி, நீ நல்லா இருக்கணும்பா.

அப்புறம்தான் பெரிய இடி. நான்தான் வேலைய விட்டு நின்னுட்டேன்னு கம்பெனி எழுதிக் குடுத்துட்டாங்க, பணம் கிடையாதுன்னு லெட்டர் வந்துடுச்சு. லைப்ரரில இருந்த அம்மா ஒருத்தங்க அந்த லெட்டர பாத்துட்டு இலவச சட்ட உதவி நம்பர் எடுத்துக் குடுத்தாங்க, அவங்களுக்கும் நன்றி. அங்க பேசின வக்கீலம்மா ரெண்டு விஷயம் அழுத்திச் சொன்னாங்க, லெட்டர் அனுப்பின தேதில இருந்து 21 நாளுக்குள்ள அப்பீல் போயிடணும், கேஸ் நடக்கறப்பவும் வாராவாரம் சர்டிஃபை பண்றத நிறுத்தவே கூடாது, நிறுத்தினா ஜெயிச்சாலும் அந்த வாரத்து பணம் கஷ்டம்னு. அவங்க சொல்லலன்னா தோத்துட்டோம்னு நான் அன்னிக்கே விட்டிருப்பேன்.

அப்பீல் ஹியரிங், அதான் விசாரணை, போன்லயே நடந்துச்சு. மேனேஜர் அனுப்பின மெசேஜ முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தோம். எங்க பேக்கிங் லைனுக்கு லீடா இருந்த அண்ணா சாட்சி சொல்ல வந்தார் பாருங்க, அதுதான் எனக்கு கண்ணுல தண்ணி வந்த இடம். அவர் இன்னும் அங்கேயேதான் வேலை பாக்கறார், ரெண்டு புள்ளைங்க காலேஜ்ல, தன் வேலைக்கு என்ன ஆகுமோன்னு யோசிக்காம "இவங்கள வர வேண்டாம்னுதான் சொன்னாங்க, இவங்களா நிக்கல"ன்னு தெளிவா சொன்னார். அண்ணா, அந்த ஒரு வார்த்தைக்கு நானும் என் புள்ளைங்களும் உங்களுக்கு எப்பவும் கடமைப்பட்டிருக்கோம்.

தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு முன்னாடியே கேட்டிருந்தோம், லைன்ல வந்தவங்க யாழ்ப்பாணத் தமிழ் பேசினாங்க. பேரும் தெரியாது ஊரும் தெரியாது, நான் பதட்டத்துல குழறினப்ப அவசரப்படுத்தாம நான் சொன்னத சொன்னபடியே எடுத்துச் சொன்னாங்க. உங்க கண்ணுல இது பட்டா தெரிஞ்சுக்கோங்க, உங்க குரல் எனக்கு அவ்வளவு ஆறுதலா இருந்துச்சு.

டேக்ஸ் பாக்கற அண்ணாவுக்கும் நன்றி. இந்தப் பணத்துக்கு நியூ ஜெர்சி வரி கிடையாது, ஆனா ஃபெடரல் வரி உண்டு, 10 சதவீதம் முன்னாடியே பிடிச்சுக்கச் சொல்லிடுங்க, அடுத்த வருஷம் இந்தப் பணத்த வரிக் கணக்குல காட்ட 1099ஜி ஃபார்ம் வரும் பத்திரமா வைங்கன்னு அவர்தான் சொன்னார்.

இப்ப அதே வேர்ஹவுஸ்ல என்கூட பேக்கிங் பண்ண ரெண்டு அக்காங்களுக்கும் வேலை போயிடுச்சு, அவங்களுக்கும் அதே மாதிரி லெட்டர் வந்திருக்கு. நான் லைப்ரரில அவங்ககூட உக்காந்து அப்பீல் எழுதிட்டு இருக்கேன். ரெண்டு பேரும் குஜராத்தி, எனக்கு அது பேச வராது, குஜராத்தி தெரிஞ்ச நம்ம ஆளுங்க யாராவது சனிக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியும்னா எனக்கு மெசேஜ் போடுங்க.