சங்கிலி அண்ணனின் தோள்

அன்புள்ள கனகா,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இதுதான் பதில். திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள். உன் மகனுக்கு வேலை கிடைத்த செய்தி உன் மதினி வாயால்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அதற்கு நானும் உன்னைத் திட்ட வேண்டியிருப்பதால் கணக்கு நேராகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சங்கிலி அண்ணன் என் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். தெப்பக்குளத்துப் பக்கம் பரோட்டா போட்டாரே, அதே சங்கிலி அண்ணன்தான். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தூக்குவாளி நிறையச் சால்னா கேட்டுச் சண்டை போடும் பிள்ளைதானே?" என்றார். அது கனகா என்று சொன்னேன். சிரித்தார். சிரித்தபோது வலது கன்னம் உள்வாங்கியிருந்தது.

புகையிலைதான். கன்னத்தின் உட்புறம் புற்றுநோய். போன ஆண்டு வேறோர் ஊரில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. கட்டியையும், அது பரவக்கூடிய கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துக் கதிர்வீச்சும் கொடுத்திருக்கிறார்கள். நான் பரிசோதித்தேன், நோய் திரும்பியதற்கு அறிகுறி இல்லை. அந்த மகிழ்ச்சியோடு அவரை அனுப்பிவிடலாம் என்று எழுந்தபோது, "தாயி, இந்தக் கையைத்தான் தூக்க முடியவில்லை" என்று வலது கையைக் காட்டினார். தோள் இறங்கிக் கிடக்கிறது. மாவை விசிறிய கை, கனகா! காற்றில் துணி போல விரித்து, கல்லில் அறைந்து, மறுபடி விரித்த கை இப்போது மார்பு உயரத்தோடு நின்றுவிடுகிறது. மகன் மாவு வீசுகிறான், அண்ணன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கழுத்தின் பக்கவாட்டில் கொழுப்புக்குள் மெல்லிய நரம்பு ஒன்று ஓடுகிறது. மூளையிலிருந்து வரும் நரம்புகளில் பதினொன்றாவது. தோளைத் தூக்கிப் பிடிக்கும் சரிவகத் தசைக்கு ஆணை கொண்டுபோவது அதுதான். நாங்கள் அகற்ற வேண்டிய நெறிக்கட்டிகள் அதைச் சுற்றியே உட்கார்ந்திருக்கின்றன. பெரிய அறுவை சிகிச்சைகூட வேண்டாம், பரிசோதனைக்காகக் கழுத்தில் ஒரே ஒரு நெறிக்கட்டியை எடுக்கும்போதும் இந்த நரம்பு அறுபடுவது உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் கிரைல் 1906-இல் இந்தக் கழுத்து அறுவை சிகிச்சையை எழுதிவைத்தார். அதற்குப் பிறகு பல காலம் இந்த நரம்பையும் சேர்த்தே எடுத்தார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்ற காலம். அர்ஜென்டினாவின் ஓஸ்வால்டோ சுவாரெஸ் 1963-இல், நோய் தொடாத நரம்பையும் தசையையும் விட்டுவிட்டே நெறிக்கட்டிகளை எடுக்கலாம் என்று காட்டினார். இன்று நாங்கள் எல்லோரும் அதைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம்.

அண்ணனுக்குச் சிகிச்சை செய்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டி நரம்பைப் பிடித்திருந்தால் அதை வெட்டத்தான் வேண்டும். வெட்டியதால்தான் அவர் இன்று கல்லாவிலாவது உட்கார்ந்திருக்கிறார் என்றும் இருக்கலாம். நான் சொல்ல வருவது வேறு. உடற்கூறியல் புத்தகத்தில் நரம்பு மஞ்சளாகவும், தமனி சிவப்பாகவும், சிரை நீலமாகவும் அச்சாகியிருக்கும். மேசையில் படுத்திருக்கும் மனிதருக்குள் அப்படி எந்த நிறமும் கிடையாது. நரம்பு மங்கிய வெள்ளை, சவ்வும் மங்கிய வெள்ளை, கொழுப்பு வெளிர் மஞ்சள், எல்லாவற்றின் மேலும் இரத்தம். கதிர்வீச்சு பட்ட கழுத்து என்றால் எல்லாமே ஒரே தழும்பாக இறுகியிருக்கும். சால்னாவில் விழுந்த வெள்ளை நூலைத் தேடுவது போல ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நரம்பைத் தேடுகிறோம். மின்முனையால் தொட்டுத் தசை துடிக்கிறதா என்று பார்க்கும் கருவி இருக்கிறது, நல்ல கருவி. ஆனால் எங்கே தொட வேண்டும் என்பதை என் கண்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அந்தக் கண்ணுக்குத்தான் இப்போது ஒரு துணை வந்துகொண்டிருக்கிறது. ஒளி பற்றியது, இயற்பியல் நடத்தும் உன் துறை, ஆகவே கொட்டாவி விடாமல் படி.

ரோஜர் சியன் பெயர் உனக்குத் தெரிந்திருக்கும். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரதத்துக்காக 2008-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். சான் டியாகோவில் அவரோடு குயென் நுயென் என்ற பெண்மணி வேலை செய்தார். என்னைப் போலவே தலை, கழுத்து அறுவை சிகிச்சை செய்பவர். இருவரின் குழுவும் ஏராளமான சிறு புரதத் துண்டுகளை அலசி, நரம்பைச் சுற்றியிருக்கும் உறையில் போய் ஒட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதோடு ஒளிரும் சாயத்தைக் கோத்தது. எலியின் இரத்தத்தில் செலுத்தினால் முகநரம்பின் கிளைகள் ஒளிர்ந்தன. 2011-இல் வெளியான ஆய்வு அது. சியன் 2016-இல் இறந்துவிட்டார். வேலை நிற்கவில்லை. மனிதருக்கென்று செய்த வடிவத்துக்கு பெவோனசின் என்று பெயர். தலை, கழுத்து அறுவை சிகிச்சைக்கு வந்த 27 பேருக்குக் கொடுத்துப் பார்த்த முதற்கட்டச் சோதனை 2023-இல் வெளியாகியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குச் சில மணி நேரம் முன்பு சிரை வழியாகச் செலுத்துகிறார்கள். வெவ்வேறு அளவுகளைப் பார்த்து 500 மில்லிகிராமைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு நீல ஒளியில் பார்த்தால் நரம்பு பச்சையாகத் தெரிகிறது.

அந்தப் படங்களை இரவு இரண்டு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண விளக்கில் எடுத்த படத்தில் என்னால்கூட உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில், பக்கத்துப் படத்தில் ஒரு பச்சைக் கோடு கிளை பிரிந்து போகிறது. இத்தனை ஆண்டுகள் நான் விரல் நுனியால் நம்பிக்கொண்டிருந்ததை ஒருவர் எழுதிக் காட்டியது போல இருந்தது, கனகா. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சாயம் ஃப்ளூரசின் குடும்பம். ஏறக்குறைய 490 நானோமீட்டர் அலைநீளத்து நீல ஒளியை வாங்கி 515 பக்கம் பச்சையாக உமிழ்கிறது. கண் மருத்துவர்கள் விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்க 1961-இலிருந்து பயன்படுத்தும் பழைய ஃப்ளூரசின்தான், புரதத் துண்டின் முதுகில் ஏறி வருகிறது. குறையும் அங்கேதான். நீலமும் பச்சையும் திசுவுக்குள் ஆழமாகப் போவதில்லை, இரத்தம் விழுங்கிவிடுகிறது. மேலே கொழுப்பு மூடியிருந்தால் அடியிலிருக்கும் நரம்பின் ஒளி வெளியே வராது. அமெரிக்காவின் ஓரிகனில் சம்மர் கிப்ஸ் என்பவரின் குழு அண்மை அகச்சிவப்பில் ஒளிரும் சிறு மூலக்கூறுகளை நரம்புக்கென்றே உருவாக்குகிறது. அது இன்னும் ஆழத்திலிருந்து வரும். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது, கேமரா பார்த்துத் திரையில் காட்ட வேண்டும்.

இன்னும் சில உண்மைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நீ உன் மாணவிகளிடம் அதிசயக் கதை சொல்லிவிடுவாய். ஒளிர்கிற நரம்பெல்லாம் உயிரோடு வேலை செய்கிற நரம்பு என்று பொருள் இல்லை. அதைச் சொல்ல மின்முனைதான் வேண்டும். இழுபட்டாலே நரம்பு களைத்துப்போகும், அதை எந்த வெளிச்சமும் தடுக்காது. கட்டிக்குள் புதைந்த நரம்பைப் பச்சையாகப் பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டிய நாளும் வரும். அந்த நாளை நினைத்தால் எனக்கு உள்ளூர நடுக்கம்தான். ஆனாலும் தெரிந்து வெட்டுவதற்கும் தெரியாமல் வெட்டுவதற்கும் இடையில் ஒரு மனிதரின் தோள் இருக்கிறது.

நம் நாட்டில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்பது வாய்ப் புற்றுநோய். வருகிறவர்கள் யார்? மூட்டை தூக்குபவர், கொத்தனார், பெயின்டர், பரோட்டா மாஸ்டர். தோள்தான் அவர்களுடைய சொத்து. இப்படி ஒரு மருந்து முதலில் தேவைப்படுவது இவர்களுக்கு. கடைசியாக வந்து சேர்வதும் இவர்களிடம்தான் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. இதை எழுதும்போதுகூடப் பேனா அழுந்துகிறது பார்.

அதனால்தான் உன்னிடம் ஒரு வேலை சொல்கிறேன். மருந்தே வேண்டாத வழி ஒன்றையும் ஆராய்கிறார்கள். நரம்புக்குள் நார்கள் எல்லாம் ஒரே திசையில் நீளமாக அடுக்கியிருக்கின்றன. கொழுப்புக்கு அந்த ஒழுங்கு இல்லை. ஒரே தளத்தில் மட்டும் அதிரும் தளவிளைவு ஒளியை அதன்மேல் பாய்ச்சி, கோணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் நரம்பு மட்டும் மின்னியும் மங்கியும் தனித்துத் தெரியும் என்கிறார்கள். வாஷிங்டனில் ஒரு குழு இதைச் செய்து பார்த்திருக்கிறது. தளவிளைவு பாடத்தை நீ ஆண்டுதோறும் நடத்துகிறாய். உன் ஆய்வகத்தில் அந்த ஒளியை உண்டாக்கும் போலராய்டு தகடுகள் சும்மா கிடக்கின்றன என்று நீயே அலுத்துக்கொண்டாய். நல்ல எல்.இ.டி. விளக்கு, இரண்டு தகடு, ஒரு சாதாரண கேமரா. கசாப்புக் கடையில் சொல்லி ஆட்டுக் கழுத்தை முழுதாக வாங்கிக்கொண்டு நான் வருகிறேன். நரம்பைப் பிரித்துக் காட்டுவது என் பொறுப்பு. தவளை அறுக்கும் வகுப்பில் என்ன நடந்தது என்பதை நான் மறக்கவில்லை. நீ கேமரா பக்கம் மட்டும் நின்றால் போதும்.

இதனால் நாளைக்கே ஒரு கருவி வந்துவிடும் என்று நான் கனவு காணவில்லை. கொழுப்புக்குள் கிடக்கும் நரம்பு அந்த ஒளியில் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகிறது என்பதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தால் அடுத்து யாரைப் பார்ப்பது, யாரிடம் அனுமதி கேட்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணனை இயன்முறை மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன். மற்றத் தசைகளைப் பழக்கினால் வலி குறையும், கை கொஞ்சம் உயரும். மாவு வீசும் உயரத்துக்கு வராது என்பதையும் சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். உன்னை விசாரித்தார். விருதுநகர் வந்தால் கடைக்கு வரச் சொன்னார். சால்னாவுக்குக் கணக்குப் பார்க்க மாட்டாராம்.

தேர்வுத்தாள் திருத்தும் வேலை உனக்கு எப்போது முடிகிறது? அதற்கடுத்த சனிக்கிழமை எனக்கு ஆபரேஷன் இல்லை. தகடுகளின் அளவையும் எத்தனை இருக்கின்றன என்பதையும் எழுது. கேமராவில் கையால் வெளிச்சம் மாற்றும் வசதி வேண்டுமா என்றும் சொல், தம்பியிடம் ஒன்று இருக்கிறது, வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
ராணி