மணக்குடிப் பொழியும் எங்கள் வயலும்

பிரியமுள்ள அந்தோணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எனக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை. உன் கடிதம் கிடைத்தது. பழங்கால உழவர், மீனவர் வாழ்க்கையைப் பற்றிப் பேத்தி பள்ளிக்கு எழுத வேண்டும், நம்ம ஊர் விஷயமாகச் சொல் என்று கேட்டிருந்தாய். கடலில் போன குடும்பத்துக்காரன் நீ, என்னிடம் கேட்கிறாயே மக்கா! சரி, சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தில் மருதத்துக்கு ஒரு பக்கம், நெய்தலுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அது செல்லாது. இங்கே ரெண்டு பேருக்கும் மலை ஒன்றுதான். நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் தந்தது அது. 1906-இல் பேச்சிப்பாறை அணை வந்தது. அதற்கு முன்பு பழையாறும் குளங்களும்தான் கதி. மலையாற்றை மறித்துக் கட்டிய பாண்டியன் அணை அதைவிட ரொம்பப் பழசு. சித்திரையில் காய்ந்த மண்ணில் பொடி விதைத்து, இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழையில் பயிரை ஏற்றி, ஆவணி புரட்டாசியில் கன்னிப்பூ, அதாவது முதல் போக நெல், அறுப்பார்கள். அப்புறம் துலாமழை என்கிற ஐப்பசி மழையை நம்பி ரெண்டாம் போகமான கும்பப்பூ, அது மாசியில் அறுப்பு. ரெண்டு மழையும் கிடைக்கிற மண் என்பதால் ரெண்டு பூ.

உங்கள் ஆட்களுக்கு அதே மலைதான் கடலில் வழிகாட்டி. உன் அப்பா மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டியது எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மருந்துவாழ்மலை முகட்டுக்கு நேரே கரையில் ஒரு பனை வரவேண்டும். அது ஒரு கோடு. இன்னொரு பக்கம் வேறொரு மலையும் வேறொரு அடையாளமும் நேராக வேண்டும். ரெண்டு கோடும் வெட்டுகிற இடத்துக்கு அடியில் மீன் தங்கும் பார், அதாவது கடலடிப் பாறை, இருக்கும். கருவி எதுவும் கிடையாது, கண்ணும் ஞாபகமும்தான். விடியுமுன் கரையிலிருந்து வீசும் காற்றில் கட்டுமரம் உள்ளே போகும். மத்தியானம் கடலிலிருந்து காற்று திரும்பியதும் பாய் விரித்துக் கரை சேரும். அத்தோடு வேலை முடியாது. தடிகளைக் கட்டிய கயிற்றை அவிழ்த்து, மணலில் உருட்டிப் போட்டுக் காயவைக்க வேண்டும். தண்ணீர் குடித்த தடி அடுத்த நாள் கனத்துவிடும் இல்லையா. எங்கள் வீட்டில் ஏரைக் கழுவிச் சாத்துவதோடு சரி; அந்த விஷயத்தில் உழவன் கொடுத்து வைத்தவன்.

ரெண்டு தொழிலும் முட்டிக்கொள்ளும் இடம் மணக்குடிப் பொழி, பழையாறு கடலில் சேரும் வாய். கோடையில் அலை மணலைத் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிடும். மழை வலுத்தால் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்வாங்கி, தாழ்ந்த வயலில் ஏறும். பொழியை வெட்டிவிட்டால் வெள்ளம் வடியும், ஆனால் கடல் ஏற்றத்தின்போது உப்புத் தண்ணீரும் உள்ளே வரும். அதோடு மீனும் இறாலும் வரும் என்பது உங்களுக்கு லாபம். உழவனுக்கு அவசரம் ஒரு நாள், மீன்காரனுக்கு அவசரம் வேறொரு நாள். இந்தச் சண்டைக்கு வயசு ஆற்றின் வயசுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சண்டை எவ்வளவு இருந்தாலும் அறுப்புக் களத்துக்குப் மீனவப் பெண்கள் கருவாட்டுக் கடவத்தை, அந்த ஓலைப் பெட்டியை, தலையில் சுமந்து வந்துவிடுவார்களாம், பாட்டி சொல்வாள். காசு கிடையாது, நெல்லைத்தான் அளந்து போடுவது. சங்கப் பாட்டிலேயே ஒரு நெய்தல் பெண் நெல்லுக்குச் சரியளவு உப்பு என்று கூவி விற்றுக்கொண்டு போகிறாள். உழவனுக்கு அது நஷ்டக் கணக்கு என்பேன் நான். உப்பு விளைகிற வெயிலில் நின்று பார்த்துவிட்டுப் பேசு என்பாய் நீ.

கரையில் நின்று கரமடி வலை இழுத்தவர்களுக்குப் பங்கு பிரிக்கிற முறையை உன் சித்தப்பாவிடம் கேட்டு, பேத்தி எழுதுவதில் சேர்த்துக்கொள். நம்ம பக்கம் வயலெல்லாம் வாழையும் வீட்டுமனையுமாகிக்கொண்டு வருகிறது; அதை நேரில் பேசுவோம். கிறிஸ்துமசுக்கு வரும்போது கருவாடு மட்டும் கொண்டுவராதே. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், வீட்டில் கண்டிப்பாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

அன்புடன்,
தாணு