வயரும் ஜாயிண்ட்டும் கணக்கில் சேரும்

ஆசிரியருக்கு,

உறைபனிக் காலம் வந்துவிட்டால் ஊட்டி, கோத்தகிரி பக்கம் 'ஹீட்டர் சூடேறவில்லை, வோல்டேஜ் கம்மி' என்ற புகார்தான். உடனே ஸ்டெபிலைசர் வாங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். தொடர் இணைப்பில் இருக்கும் எல்லாத் தடைகளையும் கூட்டினால் மொத்த மின்தடை. பாடப்புத்தகப் படத்தில் வயருக்குத் தடை கிடையாது, மலைச்சரிவில் உண்டு.

மேல் வீட்டு மின் மீட்டரிலிருந்து கீழே உள்ள அறைக்கு 60 மீட்டர் தூரம் என்று வையுங்கள். பலர் 60 மீட்டருக்கே கணக்குப் போடுகிறார்கள். பேஸ் போக, நியூட்ரல் திரும்ப, ஆக 120 மீட்டர். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம், எனவே 0.89 ஓம். 230 வோல்ட், 2000 வாட் ஹீட்டரின் தடை 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம். (ஓம் மீட்டர் வைத்து அளந்தாலும் ஹீட்டர் காயில் ஏறக்குறைய இதையே காட்டும். குண்டு பல்பு அப்படியல்ல. அணைந்திருக்கும்போது பத்தில் ஒரு பங்குதான் காட்டும்.) இரண்டும் சேர்ந்து 27.34 ஓம்.

இதோடு முடிந்தால் கவலையில்லை. பனியும் சாரலும் பட்டு, முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டில் பச்சை பூத்துத் தடை கூடிவிடுகிறது. செம்பையும் அலுமினியத்தையும் சேர்த்து முறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம். அந்தத் தடையை ஓம் மீட்டரில் பிடிப்பது கடினம். மீட்டரின் ஒயர்களுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும். ஹீட்டரை ஓடவிட்டு, விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து இரு முனையிலும் வோல்ட் பாருங்கள். மின் மீட்டர் பக்கம் 228, பிளக்கில் 216 என்றால் வழியில் 12 வோல்ட் போகிறது. மின்னோட்டம் 216 ÷ 26.45 = 8.17 ஆம்பியர். 12 ÷ 8.17 = 1.47 ஓம். வயருக்கு உரிய 0.89 போக, மீதி 0.58 ஓம் ஜாயிண்ட்டுகளில்.

அரை ஓம்தானே என்று விடக்கூடாது. 8.17 × 8.17 × 0.58, கிட்டத்தட்ட 39 வாட் அந்த ஜாயிண்ட்டுகளில் சூடாகிறது. ஈயத்தை உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்! எம்சிபி (மின்னோட்டம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுமே என்பார்கள்; விழாது. தடை கூடினால் மின்னோட்டம் குறையத்தான் செய்யும். மண்ணுக்குக் கசிவு இல்லாததால், கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் சும்மா இருக்கும். ஸ்டெபிலைசரோ ஹீட்டருக்கு வோல்ட்டை ஏற்றிக் கொடுக்க அதே ஜாயிண்ட் வழியே கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். சூடு இன்னும் ஏறும்.

மெயினை அணைத்து, கறுத்த முனையை வெட்டி எறிந்து, அளவான ஸ்லீவ் (உலோகக் குழாய்) போட்டு, கருவியால் இறுக அழுத்தி கிரிம்ப் செய்வதே சரி. செம்பு அலுமினியம் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (இரு உலோகமும் சேர்ந்த இணைப்பு முனை) போடுங்கள். தண்ணீர் புகாத பெட்டிக்குள் வயரைக் கீழ்ப்பக்கமாக நுழைக்க வேண்டும். அதன்பிறகும் வோல்ட் போதவில்லை என்றால் 4 சதுர மி.மீ. வயர், அதே தூரத்துக்கு 0.55 ஓம்தான். கம்பத்து ஜாயிண்ட்டில் மட்டும் நாம் கை வைக்கக் கூடாது. அது மின்வாரியத்தின் வேலை.

– ஒயரிங் பணியாளர்கள், கோத்தகிரி