மோட்டார் நியூரான் நோய்: தொழில் விவரத்தை ஒரே சொல்லில் முடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் படிப்படியாக அழியும் நோய்) என்று மருத்துவர் சொன்னதும், 'இத்தனை வருஷம் செய்த வேலையால் வந்ததா?' என்றுதான் குடும்பத்தார் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் 'கூலி', 'விவசாயம்', 'ஓய்வு பெற்றவர்' என்று ஒரே சொல்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரும் எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

இந்நோய் பரம்பரையாக வருவது பத்தில் ஒருவருக்குத்தான். மற்றவர்களிடம் வயது, மரபணு, சூழல் எல்லாம் கலந்து வேலை செய்கின்றன; தொழிலின் பங்கு அங்கேதான் வருகிறது. இத்தாலியில் 1970 முதல் 2001 வரை தொழில்முறையாக ஆடிய 7,325 கால்பந்து வீரர்களை ஆராய்ந்தார்கள். கணக்குப்படி ஒருவருக்கு வந்தாலே அதிகம். ஐந்து பேருக்கு வந்திருந்தது. தலையில் படும் அடியா, கடும் உடலுழைப்பா, மைதானப் புல்லுக்கு அடிக்கும் மருந்தா என்பது இன்றும் விவாதத்தில் இருக்கிறது. 1991 வளைகுடாப் போருக்குச் சென்ற அமெரிக்க வீரர்களிடம் ஏறத்தாழ இரு மடங்கு ஆபத்து தெரிந்தது. தொடர்ந்து 90 நாள் பணியாற்றிய முன்னாள் வீரருக்கு இந்நோய் வந்தால், காரணத்தை நிரூபிக்கச் சொல்லாமலே பணிசார்ந்த நோயாக ஏற்பது என்று 2008-இல் அந்நாட்டு அரசு விதி செய்தது.

ஈயம், பூச்சிக்கொல்லி, டீசல் புகை, மின்துறை வேலை ஆகியவையும் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. மின்துறையில் ஷாக் காரணமா, காந்தப்புலம் காரணமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு எழுத வேண்டும். இதைப் படித்து யாரும் வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. ஐரோப்பியக் கணக்கில் வாழ்நாளில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு வரும் நோய் இது. ஆபத்து இரு மடங்கானாலும் 348 பேருக்கு வராது.

ஈயத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தவறு நடந்தால் குணமாகக்கூடிய ஒருவரைக் கைவிட்டுவிடுவோம். பழைய பேட்டரி உடைப்பது, ஈயம் உருக்குவது, ரேடியேட்டர் பற்றவைப்பது போன்ற வேலைகளில் தூசி கை வழியாகச் சோற்றோடும், மூச்சோடும் உள்ளே போகிறது. ஈய நச்சும் தசையைப் பலவீனமாக்கும். மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கும். பார்வைக்கு மோட்டார் நியூரான் நோய் போலவே தெரியலாம். ஆனால் ஈய நச்சில் பெரும்பாலும் வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை சேர்ந்து வரும். மருத்துவர் சிறு ரப்பர் சுத்தியலால் தட்டினால் முழங்கால் அசைவு குறைந்திருக்கும். மோட்டார் நியூரான் நோயின் பொதுவான வகையில் அந்த அசைவு மிகையாக இருக்கும், நாக்குத் தசை துடிக்கும்.

ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பதென்றால், கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். தோலில் ஒட்டிய தூசி ஒரு துளி கலந்தாலும் அளவு பொய்யாக ஏறிவிடும். விரல் நுனியில் குத்தி எடுத்தது அதிகமாகக் காட்டினால், கையின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து உறுதிசெய்ய வேண்டும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு இந்தச் சோதனை சரியாக இருந்தால் ஈயமே படவில்லை என்று பொருளாகாது. ரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதம் போதும். எலும்பில் பத்தாண்டுகளுக்கு மேல் தங்கும். இன்னொன்று: ஈய அளவு சரியாக இருக்கும் மோட்டார் நியூரான் நோயாளிக்கு 'உலோகத்தை இறக்கும்' ஊசி என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். அதனால் பயன் இல்லை, சிறுநீரகம்தான் கெடலாம்.

கேஸ் ஷீட்டில் என்ன இருக்க வேண்டும்? முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று. கடைசி வேலையை மட்டும் எழுதுவது பெரிய பிழை. பாதிப்பு முப்பது ஆண்டு முந்தையதாக இருக்கலாம். கையில் பட்டது பொடியா, திரவமா, புகையா? வேலையிடத்திலேயே சாப்பிட்டாரா? மருந்தடித்தவர் என்றால் மருந்தின் பெயர் (காலிப் புட்டியின் லேபிளைப் போட்டோ எடுத்து வரலாம்), கலக்கியது கையாலா, முதுகில் மாட்டும் ஸ்பிரேயர் ஒழுகியதா. நினைவு இழக்கும் அளவுக்குத் தலையில் அடிபட்டதா, ஷாக் அடித்ததா. இதற்கு இருபது நிமிடம் ஆகும். பேச்சு குழறத் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆண்டுகள் நினைவில்லை என்றால் பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. அட்டை, நலவாரிய அட்டை உதவும். இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் சட்டப் பட்டியலில் ஈய நச்சு உண்டு, மோட்டார் நியூரான் நோய் இல்லை. ஆகவே ஈய அளவு அதிகமாக வந்த ரிப்போர்ட்டையும் இந்தச் சான்றுகளையும் பத்திரப்படுத்துங்கள். அந்த நோயாளிக்கு இழப்பீடு கேட்க அவைதான் ஆதாரம்.

இப்படிக்கு,
தொழிற்சாலை மருத்துவர் ஒருவர்,
கோயம்புத்தூர்